ஒட்டகம் குறுக்கே வரவில்லை

மகன்,

உனக்கும் உன் மனைவி பிள்ளைகளுக்கும் அல்லாஹ் சாந்தியைத் தரட்டும். வழக்கத்துக்காக இதை எழுதவில்லை. இனி வருகிற பக்கங்களில் உனக்குச் சாந்தி தருகிற எதுவும் இல்லை என்பதால் முதலிலேயே கேட்டு வைக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மஸ்கட்டிலிருந்து நீ எடுத்த அழைப்பிலிருந்து தொடங்குகிறேன். "வாப்பா, வாற கிழமை திரும்பவும் ஸலாலா போறம். வியாழக்கிழமை வேல முடிஞ்ச கையோட வெளிக்கிட்டா விடிய மலையடியில நிப்பம். புள்ளைகள் கண் முழிக்கக்குள்ள எல்லாம் பச்சைப்பசேல் எண்டு கிடக்கும்" என்றாய். நான் "ம்" என்றேன். நான் பயப்படுவது உனக்கு விளங்கியிருக்க வேண்டும். "பயப்படாதீங்க வாப்பா. இப்ப பாதைய ரெட்டையாக்கிட்டானுகள். கன இடத்துல வேலியும் போட்டிரிக்கி. இனி ஒட்டகம் வராது" என்று சிரித்தாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "போற வழியில உம்மா அடங்கியிரிக்கிற கபுறையும் ஸியாரத் செஞ்சிட்டுப் போவம். நீங்களும் வாங்களன், டிக்கட் போடுறன்" என்றாய். நான் முழங்கால் நோவைச் சொல்லித் தப்பிக்கொண்டேன். ஆனால் "இனி ஒட்டகம் வராது" என்ற அந்த வசனத்திலிருந்து தப்ப முடியவில்லை. மூன்று இரவுகளாக அதைத்தான் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

மகன், அன்றும் ஒட்டகம் வரவில்லை. நீ நித்திரை கொண்டாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதிவிட்டேன். நான்கு வருடமாக எழுத முடியாமல் இருந்தது இந்த மூன்று வசனங்கள்தான். நான் துணிந்தவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது வருடம் வாய்க்கால் படங்கள் வரைந்தேன். மேலதிகாரி பிழையான மட்டத்தைச் சொன்னாலும் அதையே வரைந்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போடுவேன். என் வீரம் அவ்வளவுதான். ஆனாலும் எதையும் தொடக்கத்திலிருந்து ஒழுங்காகச் சொல்லத் தெரியும். இதன் தொடக்கம் பாலைவனத்தில் இல்லை. உன் கல்யாணத்துக்கு முதல் நாள் கல்முனையில், நான் உனக்குச் சொன்ன புத்தியில் இருக்கிறது.

நம்முடைய ஆண்பிள்ளைகள் கல்யாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போய் வாழ வேண்டியவர்கள். நானும் அப்படித்தான் உன் உம்மாவின் வீட்டுக்கு வந்தேன். வந்து நாலாம் நாள் பகல் சோறு தின்றுவிட்டுக் கண்ணயர்ந்துபோனேன். பின்னேரம் அசர் தொழுகை நேரம் எழும்பி வெளியே வந்தால் உன் உம்மாவின் சாச்சி குசினி வாசலில் நின்று, "மாப்பிள்ளைக்கு உசிர் இரிக்கி புள்ள, ஜனாஸா அறிவிக்கத் தேவல்ல" என்றாள். வீடே சிரித்தது. நல்ல சிரிப்புத்தான், நஞ்சு இல்லை. ஆனால் நான் அதற்குப் பிறகு அந்த வீட்டில் பகலில் பாய் விரித்ததில்லை. காய்ச்சல் வந்தாலும் கதிரையில் நிமிர்ந்து இருப்பேன். உன்னை மாப்பிள்ளையாகக் கொண்டுபோவதற்கு முதல் நாள் உன்னைத் தனியே கூப்பிட்டு நான் சொன்ன புத்தி தொழுகையைப் பற்றியதல்ல, மனைவியை எப்படி வைத்திருப்பது என்பதைப் பற்றியதும் அல்ல. "மகன், பொண்டாட்டி ஊட்டுல நித்திரைக்காரன் எண்டு பேர் எடுத்துராத. கொட்டாவி வந்தாலும் எழும்பி வெளியில போய் விடு" என்றேன். பட்டப்படிப்பு படித்த மகனுக்குப் படித்த தகப்பன் கொடுத்த புத்தி அது.

நீ அதைக் காப்பாற்றவும் இல்லை. கல்யாணம் முடித்த மாதமே மருதமுனையில் உன் மனைவி வீட்டிலிருந்து செய்தி வந்தது, புது மாப்பிள்ளை சுபஹ் தொழுதுவிட்டுப் படுத்தால் எட்டு மணிக்குத்தான் எழும்புகிறார் என்று. உன் மாமா அதைப் பகிடியாக ஊரெல்லாம் சொன்னார். "எங்கட மருமகன் பொறியியல்ல பட்டம் எடுக்கல்ல, நித்திரையில எடுத்த" என்று சந்தையில் வைத்து என்னிடமே சொன்னார். சொல்லிவிட்டு என் தோளில் தட்டினார். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உனக்குக் கோல் எடுத்து ஏசினேன். அதற்குப் பிறகு நீ மாறினாய். வெளிநாடு போன பிறகு நித்திரை இல்லாமல் இருப்பதே உனக்கு ஒரு பெருமையாகிவிட்டது. டுபாய்க்கு இரவோடு இரவாகப் போனது, உம்றா செய்ய மக்காவரை இரண்டு நாடு தாண்டித் தனியே ஓடிப் போனது, எங்கும் ஹோட்டலில் தங்காமல் ஒரு நாள் லீவை மிச்சம் பிடித்தது, இதையெல்லாம் உன் மாமா இருக்கும்போதுதான் அதிகமாகச் சொல்வாய். அவர் "மாஷா அல்லாஹ்" என்பார். எனக்கும் பெருமையாக இருந்தது என்பதை ஒளிக்கக் கூடாது.

நான்கு வருடத்துக்கு முந்திய அந்த முறை நாங்கள் மூன்று பேரும் உன்னிடம் வந்திருந்தோம்: நான், உன் உம்மா, உன் மாமா. நீ அன்று காலை நாலரைக்கு எழும்பி வேலைக்குப் போனாய். பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து, குளித்து, உடனே வாகனத்தை எடுத்தாய். முன் ஆசனத்தை நான் உன் மாமாவுக்கு விட்டுக்கொடுத்தேன். பெண்ணைக் கொடுத்தவர், மரியாதை. அவருக்குப் பின்னால் நான். உனக்குப் பின்னால் உன் உம்மா. கடைசி வரிசையில் உன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். நிஸ்வா தாண்டும்வரை ஒரே சிரிப்பு. "ஏன் மருமகன், அங்க அப்படி என்னதான் இரிக்கி?" என்று மாமா கேட்டார். "மழைத் தூறல் மாமா. தென்னமரம், வாழை, இளநிக் கடை" என்றாய். "அட அல்லாஹ்வே! எங்கட வளவுல இல்லாத தென்னையா? ஆயிரம் கிலோமீட்டர் ஓடிப் போய் இளநி குடிக்கப் போற முதல் கல்முனையான் நீங்கதான்" என்றார். உன் உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இப்போதும் கேட்கலாம். ஆனால் கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஹைமாவில் பெற்றோல் அடித்தபோது இரவு பன்னிரண்டேகால். பாலைவனத்தின் நடுவே ஒரு சின்னப் பட்டணம். பெற்றோல் நிலையம், பக்கத்தில் ஒரு பள்ளிவாசல், மலையாளி ஒருவரின் தேநீர்க் கடை. உன் உம்மா முகம் கழுவிவிட்டு வந்து வெளிச்சத்தில் உன்னைப் பார்த்தாள். "மனே, கண்ணெல்லாம் செவந்து கிடக்கு. இந்தப் பள்ளியடியில ஒரு மணித்தியாலம் சரிஞ்சிட்டுப் போவமே" என்றாள். உன் மாமா தேநீர்க் கோப்பையோடு திரும்பி, "என்ன மருமகன், பட்டப்படிப்புத் திரும்பவும் தொடங்கிட்டா?" என்று சிரித்தார். "எனக்கென்ன மாமா நித்திரை. விடிய விடிய ஓடுவன்" என்றாய். நான் உன் உம்மாவைக் கடைக்குப் பின்பக்கம் கூட்டிப் போனேன். என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. "வாய மூடு. அவர்ட முன்னால அவன நித்திரைக்காரனாக்காத" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நித்திரை வந்தா நித்திரை எண்டு செல்ற ஹறாமா?" என்று கேட்டாள். நான் தேநீர்க் காசைக் கொடுக்கப் போனேன். வாகனத்தில் ஏறும்போது, "செரி, நீங்களாவது முழிச்சிக்கிட்டு வாங்க" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

நான் விழித்துக்கொண்டு வந்தேன், மகன். அவள் சொன்னதை அப்படியே செய்தேன்.

உன் முகம் மேலே இருந்த கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. ஒரு வளைவும் இல்லாத பாதை. இருபது நிமிடத்தில் உன் தலை முதல் தடவை சரிந்து நிமிர்ந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிடம் கழித்து இரண்டாவது. பிறகு எட்டு நிமிடம். பிறகு ஐந்து. இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது என்று கணக்குப் பார்த்தேன். குளத்து மட்டம் இறங்குவதைப் பார்த்துப் பழகியவன் அல்லவா. மூன்றாவது தடவை இருமினேன். நாலாவது தடவை என் பக்கத்து ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன். ஐந்தாவது தடவை டயர் தார் ஓரத்தை விட்டுக் கல்லில் ஏறிக் கரகரத்தது. நான் சற்று உரத்து ஸலவாத்துச் சொன்னேன். நீ நிமிர்ந்தாய். எனக்கு அது போதும் என்று பட்டது. "மகன், நிப்பாட்டு" என்ற இரண்டு சொல் என் வாயில் இருந்தது. பின்னால் எல்லாரும் நித்திரை; முன் ஆசனத்தில் உன் மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் வாய் திறந்தால் அவர் முழிப்பார், முழித்தால் கேட்பார், கேட்டால் மருதமுனை முழுக்கச் சொல்வார். நான் பயந்தது அதற்கு. விபத்துக்கு அல்ல. ஏழாவது தடவை உன் தோளைத் தொடக் கையை நீட்டினேன். உன் மாமா அசைந்து புரண்டார். கையை எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாகனம் இடப்பக்கம் இழுபட்டுப் போனது. நீ திடுக்கிட்டு முழித்து ஸ்டியரிங்கை வெட்டினாய். இரண்டு தடவை உருண்டு மணலில் உன் பக்கமாகச் சரிந்து கிடந்தோம். பிள்ளைகள் இரண்டு பேரும் அழுதார்கள். உன் மனைவி அழுதாள். உன் மாமா கலிமாச் சொன்னார். உன் உம்மாவிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் தலையில் கட்டோடு நீ கேட்டாய், "வாப்பா, என்ன நடந்த?" என்று. உனக்கு உண்மையாகவே தெரியவில்லை. அடுத்த கட்டிலில் உன் மாமா கையில் மாவுக்கட்டோடு காது கொடுத்துக்கொண்டு படுத்திருந்தார். "ஒட்டகம் மகன். திடீரெண்டு குறுக்கால வந்திட்டு" என்றேன். பொலிஸ்காரர் வந்தபோதும் அதையே சொன்னேன். அந்தப் பாதையில் அது நடக்கக்கூடியதுதான், அவர் சந்தேகப்படவில்லை. உன்னைச் சிறையில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து சொன்னதாக நான் வெகுகாலம் என்னை நம்பவைத்தேன். அதுவும் பொய். வழக்கு, சிறை என்ற எண்ணமெல்லாம் மறுநாள்தான் வந்தது. நீ நித்திரை என்றால் அடுத்த கேள்வி, அப்போது முழித்திருந்தது யார் என்பது. அந்தக் கேள்வி வராமல் இருக்கத்தான் ஒட்டகத்தைக் கூப்பிட்டேன். உன்னைக் காப்பாற்றவில்லை, என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

பிறகு அது வளர்ந்தது. முதல் வருடம் "ஏதோ குறுக்கால வந்த" என்றாய். அடுத்த வருடம் அது பெட்டை ஒட்டகமாகி, பக்கத்தில் குட்டியும் வந்தது. போன பெருநாளைக்கு ஊருக்கு வந்தபோது உன் கூட்டாளிகளிடம், "கண்ண நேருக்கு நேர பாத்தன் மச்சான், பச்சையா மினுங்கின" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் இருந்து பிளேன்டீ குடித்தேன். இல்லாத மிருகத்தின் கண்ணை நீ பார்த்திருக்கிறாய், மகன். ஆனால் உன் உம்மா உன் கண்ணைப் பார்த்துச் சொன்னது மட்டும் உனக்கு ஞாபகமில்லை. எந்த இடத்திலும் நீ அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

உன் உம்மாவை நாம் இருவரும்தான் கொன்றோம். நீ நித்திரையில் செய்தாய். நான் விழித்திருந்து செய்தேன். என் பங்குதான் பெரியது. ஆனால் உன் பங்கை இனியும் நான் சுமக்கமாட்டேன். நான் சுமந்தபடியால்தான் நீ வேலி போட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டு, அதே பாதையில், அதே வியாழக்கிழமை வேலைக் களைப்போடு, அதே பிள்ளைகளை ஏற்றப் பார்க்கிறாய். நித்திரைக்கு யாரும் வேலி போடவில்லை.

நேற்று நான் மருதமுனைக்குப் போனேன். உன் மாமாவிடம் முழுதும் சொன்னேன். என் வாழ்நாளில் அவர் முன்னால் நான் தொடர்ந்து பத்து வசனம் பேசியது நேற்றுத்தான். முதலில் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "என்ன மச்சான் கதைக்கீங்க? ஒட்டகத்த நானும் கண்டனே!" என்றார். "நீங்க குறட்டை விட்ட ஹாஜியார்" என்றேன். நான் சிரிப்புக்காகவும் ஏச்சுக்காகவும் காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. "மருமகன் என்னட்ட ஒரு வார்த்தை செல்லியிருக்கலாமே மச்சான், மாமா நித்திரை வருது எண்டு. நான் விடிய விடிய கதைச்சிக்கிட்டு வந்திருப்பனே. எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் அதுதானே. நீங்களாவது என்ன ஒரு இடி இடிச்சிரிக்கலாமே" என்றார். பிறகு தோளில் கிடந்த சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ட பகிடிக்கா பயந்த நீங்க?" என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன்.

நாற்பது வருடம் நான் பயந்த அந்தச் சிரிப்புக்குள் அவ்வளவுதான் இருந்திருக்கிறது. இதைவிடக் கொடுமையான ஒரு செய்தியை என்னால் உனக்கு எழுத முடியாது. உன் உம்மாவை நாம் எதற்காகக் கொடுத்தோமோ, அந்த அவமானம் என்ற ஒன்று அங்கே இருக்கவே இல்லை.

இந்தக் கடிதத்தை உன் பெயருக்கு அனுப்பவில்லை. உன் மனைவியின் கைத்தொலைபேசிக்கு அனுப்புகிறேன், அவளே முதலில் படிப்பாள். பெயர்களை எடுத்துவிட்டு ஊர்ப் பத்திரிகைக்கும் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் நம்மூர்ப் பிள்ளைகள் ஆயிரம் பேர் அங்கே உன்னைப் போலத்தான் லீவை மிச்சம் பிடிக்கிறார்கள்; மாமனாரை முன்னால் ஏற்றுகிறார்கள்; கொட்டாவியை விழுங்குகிறார்கள். நேற்றிரவு உன் மனைவியோடு கதைத்தேன். அவளும் அழுதுவிட்டுச் சொன்னாள், "எனக்கும் சந்தேகம்தான் மாமா. இவரு இப்பயும் வாகனம் ஓடக்குள்ள கண்ணயர்ற. செல்லப் போனா கோவம் வரும். நானா ஒட்டகத்தக் கூப்பிட்ட எண்டு கேப்பாரு." பார், நான் சொன்ன பொய்யை நீ அவளுக்குப் பதிலாக்கி வைத்திருக்கிறாய்.

ஸலாலாவுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சுபஹுக்குப் பிறகு வெளிக்கிடு. ஒரு நாள் குறையும், குறையட்டும். ஹைமாவில் அறை எடுத்துப் படு. கண் கனத்தால் ஓரத்தில் நிறுத்தி, பிள்ளைகளுக்கும் கேட்கும்படியாக, "எனக்கு நித்திரை வருகிறது" என்று சொல். சொல்லிவிட்டுப் படு. உன் மகன் அதைக் கேட்டு வளரட்டும். அவனும் ஒரு நாள் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகவேண்டியவன்.

இதைப் படித்த பிறகு உனக்கு என்மேல் வருகிற வெறுப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். அது எனக்கு உரியது. என் மகள், உன் ராத்தாவோடு பேசு, என்னோடு பேச வேண்டாம். உம்மாவின் கபுறடியில் நின்று என்ன சொல்லவேண்டுமோ அதை நீயே சொல். எனக்காக ஒன்றும் சொல்லாதே. உன் மனைவியிடம் ஒன்று மட்டும் கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமை இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு அவள் எனக்கு ஒரு படம் அனுப்புவாள்: பிள்ளைகள் இரண்டும் தங்கள் கட்டிலில் நித்திரை கொள்கிற படம். அது வரும்வரை நான் கதிரையில் இருப்பேன். அது வந்துவிட்டால், நீ இனி ஒரு நாளும் என்னை வாப்பா என்று கூப்பிடாவிட்டாலும் எனக்குச் சம்மதம்.

உன் வாப்பா